நமரும் பிறரும்: பெல்மதுளைச் சுற்றுத் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாகப் பலாங்கொடைக்குச் செல்லும் பெருஞ்சாலையிலிருந்து, எம்பிலிப்பிட்டியை நோக்கித் தெற்கே இறங்கும் சாலை பிரியுமிடம் பெல்மதுளை. சந்தியில் நின்று நோக்கின் இரத்தினக்கல் அகழும் குழிகளும் வயல்களும் ஒரு புறம். இறப்பர் மரங்களும் அவற்றுக்கு மேலே தேயிலைச் சரிவுகளும் மறு புறம். சிங்களக் கிராமத்து விவசாயியும், தோட்டத்து லயத்திலிருந்து சம்பளநாளில் இறங்கிவரும் தமிழ்த் தொழிலாளியும், கடைவைத்திருக்கும் முஸ்லிம் வியாபாரியும் இச்சந்தியில் நாள்தோறும் ஒருவரையொருவர் காண்கின்றனர். ஒரே மழையில் நனைகின்றனர்; ஒரே கடையில் உப்பும் கருவாடும் வாங்குகின்றனர். ஆயினும் 'நம்மவர் யார்?' என்று வினவப்படுமிடத்து இவர்கள் தரும் விடைகள் வேறு வேறானவை. அவ்விடைகள் எவ்வாறு உருவாயின, யாரால் உருவாக்கப்பட்டன, எக்காலத்தில் மாறின என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழிலே இப்பொருளுக்குரிய சொற்கள் பழமையானவை. தமர், நமர், எமர், நுமர், பிறர் என்பன வெறும் இலக்கண வடிவங்கள் அல்ல. மனிதன் தனித்து வாழ இயலாதவன் என்பதையும், சேர்ந்து வாழும்போதே ஒரு கோட்டைக் கீறிக்கொள்கிறான் என்பதையும் அவை உணர்த்துகின்றன. இந்நாளைய சமூக உளவியலாளர் 'சேர்ந்திருக்கும் தேவை' என்று விரித்துரைப்பதை இச்சொற்கள் சுருக்கமாகத் தம்முள் அடக்கியுள்ளன. நாம் இக்கட்டுரையில் அவ்வுணர்வை 'நமர் உணர்வு' என்றே குறிப்போம்.

14ஆம் நூற்றாண்டின் அரபு வரலாற்றறிஞர் இப்னு கல்தூன், குழுக்களின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணமாக 'அஸபிய்யா' எனும் குழுப்பிணைப்பைக் கொண்டார். அண்மைக் காலத்தில் இரு பரிசோதனைகள் பெரிதும் பேசப்படுவன. 1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் முசாபர் ஷெரிப் என்பார் சிறுவர் முகாமொன்றில் பிள்ளைகளை இரு அணிகளாக்கிப் போட்டியில் ஈடுபடுத்தினார். பகைமை விரைவில் முளைத்தது. தடைப்பட்ட நீர் விநியோகத்தைச் சீராக்குதல் போன்று இரு அணியும் கூடினாலன்றி முடியாத வேலைகள் வந்தபோது அப்பகைமை தணிந்தது. 1970இல் ஹென்றி தஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரப் பள்ளி மாணவரை எவ்விதப் பொருளுமற்ற அடிப்படையில் இரு பிரிவாக்கியபோது, போட்டி இல்லாமலே அவர்கள் தம் பிரிவினருக்குச் சாதகமாக நடந்துகொண்டனர். தமக்குக் கிடைப்பது சற்றுக் குறைந்தாலும் மற்றவருக்கும் தமக்கும் இடையிலான வேறுபாடு கூடவேண்டும் என்று பலர் விரும்பினர் என்பது அப்பரிசோதனையின் கசப்பான பகுதி.

இவற்றை நாம் மறுக்கவில்லை. எனினும் பரிசோதனைக்கூடத்தில் ஆய்வாளர் ஒருவர் நின்று 'நீ இவ்வணி, நீ அவ்வணி' என்று பிரிக்கின்றார் என்பதைப் பெரும்பாலான வாசகர் மறந்துவிடுகின்றனர். வரலாற்றில் அவ்வாய்வாளரின் இடத்தில் நிற்பவர் யார்? சப்ரகமுவத் தோட்டங்களைப் பொறுத்தவரை அவ்விடத்தில் நின்றோர் பலர்: காணிச் சட்டம் இயற்றிய குடியேற்ற அரசு, தோட்டத்துரை, பெரிய கங்காணி, குடிசன மதிப்பீட்டு அதிகாரி, பின்னர் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம். நமர் உணர்வு மனித இயல்பு. அது ஓடும் வாய்க்காலை வெட்டியோர் இவர்கள். நோர்வே மானிடவியலாளர் ஃபிரெட்ரிக் பார்த் 1969இல், குழுவின் உள்ளே இருக்கும் பண்பாட்டுச் சரக்கைவிடக் குழுக்களிடையேயுள்ள எல்லையையே ஆராய வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வழியே செல்லின், பெல்மதுளையில் எல்லை எங்கு கீறப்பட்டது என்பதே நம் முதல் வினாவாகும்.

*

முதலாவது எல்லை நிலத்தில் கீறப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டையும் தரிசையும் சேனை நிலத்தையும் அரசுக்குரியன என்று அனுமானித்தது. கண்டிய இராச்சியத்தின் பகுதியாயிருந்த சப்ரகமுவக் கிராமங்களில் வயல் குடும்பத்துக்குரியது; மேட்டுக் காடோ சேனைக்கும் விறகுக்கும் மாட்டு மேய்ச்சலுக்குமாகப் பழக்கவழக்கத்தால் அனுபவிக்கப்பட்டது. பத்திரத்தில் இல்லாத உரிமை சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. கோப்பித் தோட்டங்கள் உயர் நிலங்களில் எழுந்தன. 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் அந்நிலங்களில் பரந்தன. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் ஈரமும் வெப்பமும் இறப்பருக்கு உகந்தவை. களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியை அடைந்தது. பின்னர் ஓப்பநாயக்கை வரை நீண்டது. அதன் நோக்கம் பயணிகளைவிட இறப்பரையும் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே.

சிங்கள விவசாயி தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக வர மறுத்தான் என்பது உண்மை. இதனைச் 'சோம்பல்' என்று எழுதிவைத்த துரைமார் கூற்றை நம் பாடநூல்களும் நெடுங்காலம் ஒப்பித்து வந்தன. வயலும் சேனையும் ஓரளவேனும் எஞ்சியிருந்த ஒருவன், பிறர் குறித்த நேரத்துக்குப் பிரட்டுக்களத்தில் வந்து நிற்க விரும்பாமை சோம்பலன்று. காடு வெட்டுதற்கும் கட்டடம் எழுப்புதற்கும் வண்டி செலுத்துதற்கும் சிங்களவர் வந்தே உள்ளனர். எவ்வாறாயினும் விளைவு ஒன்றே: கிராமத்தின் தலைக்குமேலே, கிராமத்தோடு உறவற்ற ஒரு குடியிருப்பு தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களால் அமைந்தது. கிராமத்தான் இழந்தது நிலம். அந்நிலத்தில் அவன் அன்றாடம் கண்டது துரையை அன்று, தமிழ்க் கூலியை. நிலத்தைப் பறித்தவன் இலண்டனில் பங்குச்சீட்டு வடிவில் இருந்தான். பின்னாளைய இனப்பகையின் ஒரு வேர் இக்காட்சிப் பிழையிலே உள்ளது.

இதே காலத்தில் பெல்மதுளையில் நிகழ்ந்த வேறொன்றை நம் ஆய்வாளர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1860களில், இத்தமலகொட பஸ்நாயக்க நிலமேயின் ஆதரவில், ஹிக்கடுவே சுமங்கல தேரர் முதலிய பிக்குகள் பெல்மதுளையிலே கூடிப் பாளித் திருமுறைகளை ஒப்புநோக்கித் திருத்தினர். கண்டிய நிலத்தைச் சேர்ந்த ஒரு பிரபுவும் கரையோரப் பிக்குகளும் இணைந்த இக்கூட்டம், குடியேற்ற ஆட்சியாலும் கிறித்துவ மிசனரிமாராலும் நிலைகுலைந்த ஒரு சமூகம் 'நாம் யார்' என்பதை மீளவும் எழுதிக்கொள்ள முயன்றதன் அடையாளமாகும். சுமங்கல தேரர் 1873இல் கொழும்பில் வித்தியோதய பிரிவேனாவை நிறுவினார். இதை ஒரு குற்றமாக நாம் கூறவில்லை. அடக்கப்பட்ட ஒரு மக்கள் தம் நமர் உணர்வைத் தொகுத்துக்கொள்வது இயல்பே. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்க் கூலிகள் காட்டுவழியே நடந்து கொள்ளைநோயிலும் பட்டினியிலும் மடிந்துகொண்டிருந்த அதே தசாப்தத்தில் பெல்மதுளையில் ஏடுகள் திருத்தப்பட்டன என்பதை மட்டும் சேர்த்து எண்ணிப்பார்க்கின்றோம். ஒன்றையொன்று அறியாத இரு வரலாறுகள் அருகருகே தொடங்கின.

*

இனித் தோட்டத்தினுள்ளே நுழைவோம். தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து ஆட்களைச் சேர்த்து வந்தவன் கங்காணி. கண்காணிப்பவன் என்னும் பொருளுடைய இச்சொல் இலங்கையில் ஒரு முழு ஆட்சிமுறையின் பெயராயிற்று. கங்காணி தன் உறவினரையும் சாதியாரையும் ஊராரையும் திரட்டினான், முன்பணம் கொடுத்தான், அக்கடனை அவர்கள் தலையில் ஏற்றினான், ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்றான். தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின் அவனுடைய கடனைக் குறிக்கும் 'துண்டு' வேண்டும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அடிமைத்தனத்துக்கும் உறவுமுறைக்கும் இடையேயான கோடு இம்முறையில் மங்கியே கிடந்தது. கங்காணியை 'அப்பா' என்றும் 'மாமா' என்றும் விளித்த மக்கள் அவனுக்கே கடனாளிகளாகவும் இருந்தனர். ஊர்விட்டு வந்தவனுக்கு நமர் உணர்வு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு அது சுரண்டலின் கருவியாகவும் பயன்பட்டது. இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பவர் கங்காணி முறை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்ததன் காரணத்தை விளங்கிக்கொள்ளமாட்டார்.

லயங்கள் சாதிவாரியாக ஒதுக்கப்பட்டன. ஆயினும் தமிழ்நாட்டுக் கிராமத்துச் சாதியமைப்பு அப்படியே பெயர்த்து நடப்படவில்லை. நிலவுடைமை இல்லாத இடத்தில், எல்லோரும் ஒரே பிரட்டில் நின்று ஒரே நாட்சம்பளம் பெறுமிடத்தில், அதன் பொருளாதார அடித்தளம் ஆடிப்போயிற்று. கள்ளர், அகம்படியர், வெள்ளாளர், ரெட்டியார் எனப் பல சாதியினர் 'குடியானவர்' என்னும் ஒரே தொகுதியாகத் தம்மைக் கூறிக்கொள்ளலாயினர். பள்ளர், பறையர், சக்கிலியர் அத்தொகுதிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். ஆர். ஜெயராமன் 1975இல் வெளியிட்ட ஆய்வு தோட்டங்களில் சாதி தொடர்ந்த முறையை விரிவாகக் காட்டுகின்றது. நமக்கு முக்கியமானது வேறு: பல எல்லைகள் அழிந்து ஓர் எல்லை தடித்தது. ஒன்றுபடுதலும் ஒதுக்குதலும் ஒரே செயலின் இரு முகங்களாயின.

வழிபாட்டில் இன்னொரு புதுமை விளைந்தது. மாரியம்மனும் முனியாண்டியும் ஊரிலிருந்து கூடவே வந்தனர். ஆனால் தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனியும், கவ்வாத்து வெட்டும் மலைக்குரிய கவ்வாத்துச் சாமியும் எந்த ஊரிலிருந்தும் வந்தவரல்லர். தோட்டத்திலே பிறந்த தெய்வங்கள். மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதனை எரித்து எழுப்பும்போது தோட்டம் முழுவதும் ஒரே சபையாகின்றது. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியன ஆடப்படும் களத்தில் பாத்திரம் ஏற்கும் உரிமை பற்றிச் சாதிப் பூசல்களும் எழுந்ததுண்டு. ஆயினும் 'எங்கள் தோட்டத்துக் கூத்து' என்ற சொல் அங்கேதான் பிறந்தது. ஆங்கிலப் பெயர் பூண்ட தோட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் தொழிலாளர் தனித் தமிழ்ப் பெயர் இட்டிருந்தனர் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. உறுதிப் பத்திரத்தில் இடம்பெறாத பெயர்கள் அவை. பத்திரத்தில் உள்ள பெயரைத் தொழிலாளர் வாயால் சொல்லக்கேட்பது அரிது.

*

குடியேற்ற அரசு பிரித்ததற்குச் சட்டச் சான்று வேண்டுவோர் 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளக் கட்டளைச் சட்டத்தை நோக்கலாம். இந்திய அரசின் வற்புறுத்தலால் வந்த அச்சட்டம் இந்தியத் தொழிலாளருக்கு மட்டுமே உரியது. அதன்படி நிர்ணயிக்கப்பட்ட ஆண் தொழிலாளியின் நாட்சம்பளம் மலைநாட்டில் 54 சதம், நடுநாட்டில் 52 சதம், தாழ்நாட்டில் 50 சதம். பெண்ணுக்கு முறையே 43, 41, 40. சப்ரகமுவத் தோட்டங்கள் பெரும்பாலும் பின்னிரு வகைகளுக்குள் அடங்குவன. இந்த 2 சதத்திலும் 4 சதத்திலும் இரு செய்திகள் உள. ஒன்று, நுவரெலியாத் தமிழனும் பெல்மதுளைத் தமிழனும் சட்டத்தின் முன்னே வேறு வேறு விலையுடையோர். மற்றது, இறப்பர்த் தோட்டத்தில் பக்கத்து மரத்தில் பால் வெட்டிய சிங்களத் தொழிலாளிக்கு அச்சட்டத்தில் இடமே இல்லை. ஒரே வேலையைச் செய்த இருவரை, பிறப்பிடத்தை வைத்து இரு சட்ட மனிதராக்கினர். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941இல் வந்த பின்னரே இவ்வேறுபாடு நீங்கத் தொடங்கிற்று.

பால்வெட்டு என்னும் தொழிலின் தன்மையும் இங்கே கருத வேண்டியது. கொழுந்து பறிப்பது கூட்டமாகச் செய்யும் வேலை; பால்வெட்டுபவனோ விடியுமுன் தனக்குரிய மரவரிசையில் தனியே நடப்பவன். வேலை நண்பகலோடு முடிகிறது. மழை பெய்தால் வேலையில்லை. இறப்பர்த் தோட்டங்கள் கிராமங்களை ஒட்டி, சிலவிடத்துக் கிராமங்களுக்கு உள்ளேயே அமைந்தன. ஆதலால் மலைநாட்டின் பெருந்தேயிலைத் தோட்டங்களைப்போல் இவை மூடிய உலகங்களாக இருக்கவில்லை. சிங்களத் தொழிலாளர் நாளடைவில் பெருந்தொகையாக வந்தனர். தமிழர் சிங்களம் பேசினர். கிராமத்தார் சிலர் தமிழ் பேசினர். கலப்பு மணங்களும் நிகழ்ந்தன. அருகாமை நட்பை வளர்க்கும் என்பர். அருகாமை அச்சத்தையும் வளர்க்கும் என்பதற்கும் இதே நிலப்பகுதி பின்னர் சான்றாயிற்று.

1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலை மாவட்டக் கிராமங்களைச் சூறையாடியபோது சூரியமல் இயக்கத்து இளைஞர் மருந்தும் உணவும் கொண்டுசென்றனர். அவ்வியக்கத்தினர் 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர், கலாநிதி என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். இக்கட்சியே பின்னர்த் தோட்டத் தொழிலாளர் மத்தியிலும் சங்கம் அமைத்தது. கோ. நடேசய்யர் 1931இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனமும், 1939இல் உருவான இலங்கை இந்தியன் காங்கிரசும் தமிழ்த் தொழிலாளரைத் திரட்டின. தொழிற்சங்கத்தின் சந்தாச் சீட்டு வெறும் பணப்பற்றுச்சீட்டு அன்று. கங்காணியின் கடன்கணக்கில் மட்டும் பெயர் பதியப்பட்டிருந்த ஒருவனுக்கு, தானே விரும்பிச் சேர்ந்த ஒரு கூட்டத்தின் ஏட்டில் பெயர் எழுதப்பட்டது அதுவே முதல் தடவை.

ஆயினும் நிலம் பற்றிய பழைய புண் ஆறவில்லை. கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்தை அரசு கிராம விரிவாக்கத்துக்கென வாங்கி, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறப் பணித்தது. பரம்பரையாக வாழ்ந்த லயங்களை விட்டு வெளியேற அவர்கள் மறுத்தனர். 1946இல் அவர்களுக்கு ஆதரவாகப் பல தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. இங்கே இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதே துயரம். காணியிழந்த கண்டிய விவசாயிக்குக் காணி வேண்டும். அக்காணியிலே பிறந்து உழைத்தவனுக்கு இருக்க இடம் வேண்டும். காணியற்ற கிராமத்தானையும் வீடற்ற தொழிலாளியையும் ஒரே மேசையில் அமர்த்தும் வேலைத்திட்டம் எக்கட்சியிடமும் இருக்கவில்லை. 'யாருடைய மண்' என்ற வினாவே முன்வந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எழுவர் பாராளுமன்றம் சென்றனர். எழுவரும் மத்திய, ஊவா மாகாணத் தொகுதிகளுக்குரியோர். சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து ஒருவருமில்லை. சிதறி வாழ்ந்தமையால் இம்மக்களின் வாக்கு இடதுசாரிக்கோ வேறெவருக்கோ சேர்ந்து கரைந்தது. அடுத்த ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் விண்ணப்பிக்க, 1964 வரை உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேரே. 1948இல் அச்சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. அது அவர்தம் வரலாற்றில் மதிக்கத்தக்க பக்கம். 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்தில் இணைந்தது. அவ்வாண்டு அக்டோபர் 30இல் அவ்வரசாங்கமே சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. நாடற்றோராகக் கணிக்கப்பட்ட 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் முடிவாயிற்று. எவரையும் கேட்கவில்லை. முற்போக்காளராகிய நாம் இதனைக் கடந்துபோக இயலாது. வர்க்க ஒற்றுமை வந்தால் இன எல்லை தானாகவே கரையும் என்று நம்பிய நாம், மனிதருக்குக் கூலி உயர்வைப்போலவே 'இங்கே இருக்க உனக்கு உரிமை உண்டு' என்ற உறுதிமொழியும் தேவை என்பதை இரண்டாந்தரமாக எண்ணினோம். அவ்வெற்றிடத்தைப் பேரினவாதம் ஒருபுறமும் குறுகிய இனத்தலைமைகள் மறுபுறமும் நிரப்பின.

*

கணக்கெடுப்பு ஏடுகளும் தம் பங்கை ஆற்றின. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் முதன்முதலாக வேறு பிரிவுகளாக எண்ணப்பட்டனர். 1971இல் ஏறத்தாழ 11.7 இலட்சமாயிருந்த 'இந்தியத் தமிழர்' 1981இல் 8.2 இலட்சமாயினர். தாயகம் அனுப்பப்பட்டோர் தொகை இதற்குப் பெருங்காரணம். 'இந்திய' என்னும் அடைமொழியே ஆபத்து என்று கண்டு பலர் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டது மற்றொரு காரணம். பெயரை மாற்றுவது சில சமயம் உயிர் காக்கும் உபாயமாகின்றது.

அவ்வச்சம் ஆதாரமற்றதன்று. 1977 ஆகஸ்டு வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டமே முக்கிய களங்களுள் ஒன்றாயிற்று; இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளில் லயங்கள் எரிந்தன; ஆயிரக்கணக்கானோர் அகதிகளாயினர். 1983 ஜூலை மூன்றாவது அலை. பிரிவினைக் கோரிக்கையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத, இலங்கைத் தொழிலாளர் காங்கிரசு அக்கோரிக்கையிலிருந்து வெளிப்படையாகவே விலகி நின்ற நிலையில், இறப்பர்ப் பால் வெட்டியவர் தாக்கப்பட்டது ஏன்? அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனர், காவலற்று இருந்தனர், அவர்களை வாக்காளராகப் பொருட்படுத்த வேண்டிய நிர்ப்பந்தம் எவருக்கும் இல்லை. குழுப்பகை தன் பகைவனைத் தேடிச் செல்வதில்லை. அருகிலுள்ள பலவீனனைப் பகைவனாக்கிக்கொள்கிறது. அயற்கிராமத்துச் சிங்களவர் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த செய்திகளையும் தப்பியோர் கூறினர். தாக்கியோர் பெரும்பாலும் வெளியூரார் என்று கூறுவது நமக்கு ஆறுதலளிக்கும் விளக்கம். அது எங்கும் முழு உண்மையாக இருந்ததில்லை. பல ஆண்டு முகம் பழகியவரே வழிகாட்டிய இடங்களும், பல ஆண்டு முகம் பழகியமையாலே காத்த இடங்களும் உண்டு.

வன்செயலுக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றோரைக் காந்தியம் போன்ற அமைப்புகள் குடியேற்றின. அங்கே தமிழர் மத்தியில் தமிழராய் வாழலாம் என்று எண்ணிச் சென்றனர். ஆனால் 'தோட்டக்காட்டார்' என்ற பெயர் அவர்களுக்கு முன்பே அங்குப் போய்ச் சேர்ந்திருந்தது. காணியுறுதி இன்றி, எல்லைக் கிராமங்களில் கூலிகளாய், பின்னர் 2009 வரை நீண்ட போரின் நடுவிலே அவர்கள் வாழ நேர்ந்தது. கடல் கடந்து நீலகிரிக்கும் கூடலூருக்கும் அனுப்பப்பட்டோர் அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இலங்கையில் இந்தியர், இந்தியாவில் இலங்கையர், வடக்கிலே தோட்டக்காட்டார். மூன்று இடத்திலும் மொழி ஒன்றே, சமயம் பெரும்பாலும் ஒன்றே. பண்பாட்டு ஒற்றுமை மட்டும் நமர் உணர்வைத் தந்துவிடும் என்று கூறுவோர் இம்மூன்று பெயர்களுக்கும் விளக்கம் தரக் கடமைப்பட்டவர்.

*

இவற்றுக்கெல்லாம் எதிராக இம்மக்கள் தாமே தமக்கு இட்டுக்கொண்ட பெயர் 'மலையகத் தமிழர்'. 1960களில் படித்த இளைஞரும் ஆசிரியரும் எழுத்தாளரும் வளர்த்த இச்சொல், கூலி என்றும் இந்தியன் என்றும் அழைக்கப்பட்டோரை ஒரு நிலத்தின் மக்களாக்கிற்று. அதன் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் பெல்மதுளையில் நின்று நோக்கும்போது ஒரு வினா எழுகின்றது. தாழ்நிலத்து இறப்பர்க் காட்டில் வாழும் தமிழனின் மலை எது? பெயரின் மையம் ஹற்றனிலும் நுவரெலியாவிலும் தலவாக்கொல்லையிலும் உள்ளது. பத்திரிகையும் தலைமையும் இலக்கியமும் பெரும்பாலும் அங்கிருந்தே எழுந்தன. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி சென்றது. முன்னோர் நடந்த வழி அது, நினைக்கத்தக்க செயல். அவ்வழி சப்ரகமுவவைத் தொடவில்லை. விளிம்பிலிருந்தோர் தமக்கென ஒரு மையத்தை அமைத்துக்கொள்ளும்போதே அம்மையத்துக்கும் ஒரு விளிம்பு உண்டாகிவிடுகிறது. முன்னர்க் 'குடியானவர்' என்னும் தொகுப்பில் நாம் கண்டதும் இதுவே.

இவ்விளிம்பு நிலையின் விளைவு வீட்டுக்குள் தெரிகிறது. தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருக்க, அருகிலுள்ள சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர். பிள்ளை சிங்களத்தில் எழுதுகிறது. பாட்டியோடு தமிழில் பேசுகிறது. சில குடும்பங்களில் பெயரும் சிங்களப் பெயராகிறது. இதனைத் 'தமிழ் அழிகிறது' என்று மட்டும் புலம்புதல் எளிது. 1981இல் வாசலில் தீ கண்ட ஒரு தாய், தன் பிள்ளை சந்தையில் பிறராகத் தெரியக்கூடாது என்று எண்ணுவதை நாம் தூய்மைவாதம் பேசிக் கண்டிக்க இயலுமா? மறுபுறம், பெற்றோரின் மொழியை எழுத அறியாமை அப்பிள்ளையின் சுதந்திரத் தெரிவு என்று கூறுவதும் பொய். அருகில் உயர்தர வகுப்புள்ள ஒரு தமிழ்ப் பாடசாலை இருந்தால் மட்டுமே அது தெரிவு எனப்படும்.

1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. இக்காலத்தில் வேறொரு மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. இரத்தினபுரி மாவட்டக் கிராமத்தார் தம் சிறு காணிகளில் தேயிலை நட்டனர். இன்று தாழ்நாட்டுத் தேயிலையின் பெரும்பகுதி சிறு தோட்ட உடைமையாளரின் கொழுந்திலிருந்தே வருகிறது. ஒருகாலத்தில் தேயிலை தமிழனின் பயிர், நெல் சிங்களவனின் பயிர் என்று பிரித்துப் பேசியோர் வாயடைத்தனர். லயத்திலுள்ள தமிழர், தோட்டத்தில் வேலை குறைந்த நாளில் கிராமத்துச் சிறு தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்கச் செல்கின்றனர். அன்றைய கூலி அன்றே கையில் கிடைக்கிறது. உடைமையாளனும் தானே கூட நின்று பறிப்பவன். இவ்வுறவில் சமத்துவம் இல்லை: ஒருவனுக்குக் காணி உண்டு, மற்றவனுக்கு லயத்தின் ஓர் அறை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றிருந்த எஞ்சியோருக்குக் குடியுரிமை அளித்தது. வீட்டடிக்கு உறுதி அளிக்கவில்லை. ஆயினும் கொழுந்து விலை வீழும்போது இருவரும் ஒருங்கே பாதிக்கப்படுகின்றனர். ஷெரிப்பின் சிறுவர் முகாமில் நீர்க்குழாயைச் சீராக்க இரு அணியும் கூடியது போன்ற ஒரு நிலை இங்கே உருவாகியுள்ளதா? நாம் அவசரப்பட்டு ஆம் என்று கூறவில்லை. அம்முகாமில் இரு அணிக்கும் தங்குமிடம் சமமாக இருந்தது.

பெல்மதுளையின் கல்பொத்தாவெல ஸ்ரீபாத ரஜமகா விகாரையில், யாத்திரைக் காலம் அல்லாத மாதங்களில் சமன் தெய்வத்தின் திருவுருவம் வைக்கப்பட்டிருக்கும். மார்கழியை ஒட்டிய உந்துவப் பௌர்ணமியில் அது ஊர்வலமாகப் புறப்பட்டுச் சிவனொளிபாத மலையின் உச்சிக்குச் செல்லும், வெசாக்கின்போது மீளும். பௌத்தருக்கு அது புத்தரின் பாதம். சைவருக்குச் சிவனின் பாதம். முஸ்லிம்களுக்குப் பாவா ஆதமின் பாதம். ஒரு பாறைத் தடத்துக்கு மூன்று உரிமையாளர் இருந்தும் நெடுங்காலம் மலையேறுவோர் ஒருவர்க்கொருவர் கைகொடுத்தே ஏறினர். ஏற்றத்தில் களைத்தவனை அவன் எந்தப் பாதத்தைத் தேடிச் செல்கிறான் என்று எவரும் கேட்பதில்லை. பெயர்ப்பலகையில் எந்தப் பெயர் எழுதுவது என்ற சச்சரவு அடிவாரத்தில்தான் நிகழ்கிறது. ஊர்வலம் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் வழிகளில் தமிழ்க் குடும்பங்கள் வாசலில் நிறைகுடம் வைத்து நிற்பதுண்டு. அவ்வாசல் அவர்களுடையது என்று கூறும் பத்திரம் அவர்களிடம் இன்னும் இல்லை.